பணப்பையும் பெயரும்: ஐரோப்பிய ஓவியங்களில் ‘அவாரிசியா’வும் அதன் தமிழாக்கச் சிக்கல்களும்

வாஷிங்டனிலுள்ள தேசிய ஓவியக்கூடத்தில் ஹீரோனிமஸ் பாஷ் என்னும் நெதர்லாந்திய ஓவியரின் பலகை ஓவியம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 1485–1490 ஆண்டுகட்குரியதாகக் கருதப்படும் இவ்வோவியம், அகலம் குறைந்து நெடிதுயர்ந்து, ஒரு கதவின் இடுக்கு வழியே அறைக்குள் எட்டிப்பார்ப்பது போன்ற தோற்றமுடையது. அதற்கு வழங்கும் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் ‘சாவும் கஞ்சனும்’ என்று பெயர்ப்பதே வழக்கம். சில ஆண்டுகட்கு முன் கலை வரலாற்றுக் குறிப்புகள் சிலவற்றைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது இக்கட்டுரையாளரும் அவ்வாறே எழுதினார். பின்னர் ஓவியத்தின் தெளிவான நிழற்படத்தைக் கூர்ந்து நோக்கியபோது, அத்தொடர் ஓவியத்துக்குப் பொருந்தவில்லை என்பது புலனாயிற்று. பிழை ‘சாவு’ என்பதில் இல்லை; ‘கஞ்சன்’ என்பதில் உள்ளது. எனினும் அதற்கு மாற்றாக எந்தச் சொல்லை இடுவது என்ற வினாவுக்கு உடனடி விடை கிடைக்கவில்லை. அவ்வினாவைப் பின்தொடர்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிட வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர்கள் தம் படைப்புகட்குத் தலைப்பு எழுதி வைத்தவர்கள் அல்லர். இன்று நாம் காணும் தலைப்புகளுட் பெரும்பாலானவை பிற்காலத்துச் சொத்துப் பட்டியல்களிலும் ஏல விவரணங்களிலும் அருங்காட்சியகப் பதிவேடுகளிலும் தோன்றியவை. எனவே தலைப்பு என்பது ஓவியத்தின் பகுதி அன்று. ஓவியத்தைப் பற்றிய முதல் விமர்சனம். அதனை மொழிபெயர்ப்பவர் ஒரு விமர்சனத்தை மொழிபெயர்க்கிறார். அவ்விமர்சனம் சரியா என்று பார்க்கும் பொறுப்பும் அவரைச் சார்ந்ததே.

கொள்ளலும் கொடாமையும்

இலத்தீனில் ‘அவாரிசியா’ என்பது ‘பெரிதும் விரும்புதல்’ என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த சொல். அதாவது அடிப்படையில் அது ஆசையைக் குறிப்பது, கைமூடுதலைக் குறிப்பதன்று. ஆயினும் அரிஸ்டாட்டில் தம் அறநூலின் நான்காம் இயலில் ஈகைக்கு எதிரான குற்றத்தைப் பேசுமிடத்து, அதற்கு இரு முகங்கள் உண்டு என்று தெளிவாகப் பிரிக்கிறார்: கொடுப்பதிற் குறைதல் ஒன்று, கொள்வதில் மிகுதல் மற்றொன்று. சிலரிடம் ஒன்று மட்டும் இருக்கும். இரண்டும் எல்லாரிடமும் சேர்ந்தே இருப்பதில்லை என்பதும் அவர் கருத்து. இடைக்காலக் கிறித்தவச் சிந்தனையில் ‘அவாரிசியா’ என்னும் ஒரே சொல் இவ்விரு முகங்களையும் தாங்கி நின்றது. நம் பட்டினப்பாலை வணிகரைப் போற்றுமிடத்தும் கொள்ளல், கொடுத்தல் ஆகிய இரண்டையும் இணைத்தே பேசுகிறது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, சொற்களின் பிற்கால வரலாற்றைப் பார்ப்போம். ஜெர்மன் மொழியில் இன்று கஞ்சத்தனத்தைக் குறிக்கும் ‘கைட்ஸ்’ என்னும் சொல், இடைக்கால ஜெர்மனில் பேராசையைக் குறித்தது. டச்சு மொழியில் கஞ்சனைக் குறிக்கும் ‘ஃப்ரெக்’ என்பதும் முன்பு ஆசை மிக்கவன் என்னும் பொருளுடையது. பிரெஞ்சில் ‘அவார்’ என்னும் சொல், 1668இல் மோலியேர் அதனைத் தம் நாடகத்துக்குப் பெயராக்கிய காலத்தில், பெரிதும் பணத்தைப் பூட்டி வைப்பவனையே சுட்டியது. மூன்று மொழிகளிலும் ஒரே திசையில் பொருள் நகர்ந்துள்ளது: கொள்ளும் ஆசையிலிருந்து கொடாத கைக்கு.

இந்நகர்வு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் ‘லோபம்’ என்பது ஆசை. இந்தியில் ‘லோபி’ இன்றும் பேராசைக்காரனே. கஞ்சனுக்கு அங்கு வேறு சொல் உண்டு. அதே சொல் தெற்கே வந்தபோது தமிழில் ‘உலோபி’ ஆகிக் கஞ்சனைச் சுட்டியது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘லோபி’ அவ்வாறே வழங்குகிறது. ‘லுப்த’ என்னும் வடிவிலிருந்து வந்த மலையாள ‘லுப்தன்’, தமிழ் ‘உலுத்தன்’ ஆகியவற்றுக்கும் இதே கதி. இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் இச்சொல்லில் இடறி விழுவது எளிது. விழுந்ததை உணராமலே எழுந்து செல்வது அதனினும் எளிது.

ஏன் இந்த நகர்வு? ஒருவன் மனத்துள் இருக்கும் ஆசை பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் கொடாமை தெரிகிறது. வசைச்சொற்கள் பெரும்பாலும் கேட்டுப் பெறாதவன் வாயிலிருந்து பிறக்கின்றன. இதனை ஓர் ஊகமாக மட்டுமே முன்வைக்கிறோம். ஆயினும் ஓவியருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு என்பதைக் கருதினால் ஊகத்துக்கு ஓரளவு வலிமை கிடைக்கிறது. ஆசையை எப்படி வரைவது? பணப்பையை வரையலாம்.

பழந்தமிழ் இவ்வகையில் வளமுடையது. வள்ளுவர் பிறர் பொருளைக் கவர விரும்புதலை ‘வெஃகுதல்’ என்று தனி அதிகாரத்திற் பேசுகிறார். கொடுக்க வேண்டிய இடத்தும் கொடாது பொருளைப் பற்றி நிற்றலை ‘இவறல்’ என்று குற்றங்கடிதலில் வைக்கிறார். ஈட்டியும் பயனின்றிக் கிடக்கும் பொருளை ‘நன்றியில் செல்வம்’ என்று மீண்டும் தனியே எடுத்துக்கொள்கிறார். இலத்தீனின் ஒரு சொல்லுக்கு இங்கே குறைந்தது இரண்டு கருத்துகள். அவாரிசியாவை மொழிபெயர்ப்போருக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே உள்ளது.

கையூட்டு வாங்கும் நடுவர்

இத்தேர்வின் இன்றியமையாமையை உணர்த்த மட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தின் ஏழு பெரும் பாவங்கள் பலகையைச் சுட்டலாம். பாஷின் பெயரால் வழங்கும் இது அவர் கையாலேயே ஆனதா என்பது விவாதத்துக்குரியது. வட்டமாக அமைந்த ஏழு காட்சிகளின் கீழும் பாவத்தின் இலத்தீன் பெயர் எழுதப்பட்டுள்ளது. ‘அவாரிசியா’ என்று எழுதிய இடத்தில் கஞ்சன் இல்லை, பெட்டி இல்லை, எண்ணப்படும் காசுக் குவியலும் இல்லை. கோலேந்திய நடுவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஒரு வழக்காளியின் முறையீட்டுக்குச் செவிசாய்ப்பவர் போல் முகம் காட்டிக்கொண்டே, மறுபுறத்தானிடம் கையூட்டுப் பெறுகிறார்.

தமிழ்க் கத்தோலிக்க மரபில் தலையான பாவங்கள் ஏழனுள் அவாரிசியாவுக்கு வழங்கிவரும் பெயர் ‘உலோபித்தனம்’. வேதபாட நூலில் அச்சொல் நிலைபெற்ற காலத்தில் அதன் பொருட்பரப்பு விரிவாக இருந்திருத்தல் கூடும். இன்றைய தமிழ் வாசகர் அந்நடுவரின் கீழ் ‘உலோபித்தனம்’ என்று படித்தால் படத்துக்கும் சொல்லுக்கும் தொடர்பு காணாமல் திகைப்பார். நடுவர் கொடாதவர் அல்லர், கொள்பவர். இங்கே ‘வெஃகல்’ பொருந்தும். வழக்கிலுள்ள சொல் வேண்டுமெனின் ‘பொருளாசை’ பொருந்தும். ‘பேராசை’ தவறில்லை எனினும் அது ஆசையின் அளவைச் சொல்கிறதேயன்றி எதன்மேல் ஆசை என்பதைச் சொல்வதில்லை.

இதற்கு மறுகோடியில் நிற்பது பிரான்சின் கோங்க்கு என்னும் ஊரிலுள்ள தூய ஃபுவா கோயிலின் பன்னிரண்டாம் நூற்றாண்டு வாயிற் சிற்பம். நரகப் பகுதியில் கழுத்திற் பணப்பை தொங்கத் தூக்கிலிடப்பட்ட மனிதன் ஒருவனைக் காண்கிறோம். அவன் கருமி என்பர் சிலர்; காசுக்குக் காட்டிக்கொடுத்துத் தூக்கிட்டுக்கொண்ட யூதாசு என்பர் வேறு சிலர். பணப்பை என்னும் ஒரு குறி இரு வாசிப்புக்கும் இடம் தருகிறது. அதே நாட்டில் எனெசா என்னும் ஊரின் கோயிற் தூண்முடி ஒன்றில் வட்டி வாங்குபவனைப் பேய்கள் பற்றி நிற்கின்றன. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. வட்டி வாங்கிய செயல் பேயின் தொழிலைச் செய்ததேயாகும் என்னும் கருத்துப்பட எழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது. அப்பொறிப்பில் ‘குவாண்டோ’ என்று இருக்க வேண்டிய இலத்தீன் சொல் ‘காண்டோ’ என உள்ளது. செதுக்கியவன் ஏட்டு இலத்தீனை எழுதவில்லை. தன் காதுக்குக் கேட்டதை எழுதினான். மொழியியலார்க்கு அவ்வொரு சொல்லே அத்தூணைக் காணப் போதிய காரணமாகும்.

சாவுப் படுக்கை

மீண்டும் வாஷிங்டன் ஓவியத்துக்கு வருவோம். படுக்கையில் மெலிந்த மனிதன் ஒருவன் எழுந்து அமர்ந்த நிலையில் இருக்கிறான். இடப்புறக் கதவைத் திறந்து அம்புடன் சாவு நுழைகிறது. அவன் தோளருகே வானதூதர் மண்டியிட்டுச் சாளரத்தில் உள்ள சிலுவையைக் காட்டுகிறார். படுக்கைத் திரையின் அடியிலிருந்து பேயொன்று பணப்பையை நீட்டுகிறது. படுக்கையின் கீழ்ப்புறம், பச்சை உடையணிந்த முதியவர் ஒருவர் திறந்த பெட்டியினுள் காசு இடுகிறார். பெட்டிக்குள் இருக்கும் பேய் பையைப் பிடித்து அதை ஏற்கிறது. முதியவரின் இடையில் செபமாலை தொங்குகிறது. முன்புறத்தில் தலைக்கவசம், கையுறை, ஆடைகள் ஆகியன சிதறிக் கிடக்கின்றன.

இவற்றுள் எதுவும் ஐயமின்றிக் ‘கஞ்சன்’ என்று சொல்லவில்லை. முதியவரும் படுக்கையிலுள்ளவரும் ஒருவரேயா, இருவரா? ஒருவரே என்றால் நலமாய் இருந்த நாளில் அவர் சேர்த்ததைக் காட்டுகிறது காட்சி. இருவர் என்றால், வீட்டாருள் ஒருவர் தலைவன் சாகுமுன்பே பெட்டியைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார் என்றும் வாசிக்கலாம். கவசங்கள் அவன் முன்பு வீரனாய் இருந்ததன் எச்சமா, அடகாக வந்த பொருள்களா? தலைப்பு ஒருமையில் ‘கஞ்சன்’ என்று சொல்லிவிட்ட பின் இவ்வினாக்கள் எழுவதில்லை. விடை முன்னரே தரப்பட்டுவிட்டது.

அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் வண்ணத்துக்கு அடியிலுள்ள வரைவு வெளிப்பட்டுள்ளது. அதில் படுக்கையிலுள்ளவன் கையில் பணப்பை பற்றப்பட்டிருக்கிறது. வண்ணம் தீட்டியபோது பாஷ் அப்பிடியைத் தளர்த்திவிட்டார். இப்போது கை பையை நோக்கி நீண்டிருக்கிறது, பற்றவில்லை. வாங்கப் போகிறானா, விலக்குகிறானா, அது அங்கே இருப்பதை உணர்ந்தேனும் இருக்கிறானா என்று உறுதியாகக் கூற இயலாது. ஓவியர் எண்ணி மாற்றிய இடம் இதுவே. முதல் வரைவுக்குக் ‘கஞ்சன்’ என்ற தலைப்புப் பொருந்தும். முடிந்த ஓவியத்தில் தீர்ப்பு இன்னும் வழங்கப்படவில்லை. நாம் தலைப்பில் தீர்ப்பு வழங்கினால், ஓவியர் அழித்ததை மீண்டும் வரைந்தவர்கள் ஆகிறோம்.

இவ்வோவியத்தின் பின்புலம் ‘நன்றாய் இறத்தல்’ என்னும் பொருள்பற்றிப் பதினைந்தாம் நூற்றாண்டில் பரவிய சிறு நூல்கள் என்பது ஆய்வாளர் பலரும் உடன்படுவது. எழுத்தறியாதாரும் காணும் வகையில் படங்களுடன் அச்சிடப்பட்ட அந்நூல்களில், சாவோரை ஐந்து சோதனைகள் சூழ்கின்றன: நம்பிக்கையின்மை, மனமுறிவு, பொறுமையின்மை, தற்பெருமை, இறுதியாக அவாரிசியா. அவ்வைந்தாம் சோதனைக்குரிய படத்தைப் பார்ப்பவர் வியப்படைவர். பேய்கள் காட்டுவது காசை மட்டுமன்று. கட்டிலருகே மனைவி மக்கள், உறவினர் நிற்கின்றனர், வீடு தெரிகிறது, குதிரை தெரிகிறது, நிலவறையில் மதுப்பீப்பாய்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு பேய் உறவினர்க்கு வழி செய்யத் தூண்டுகிறது. மற்றொன்று செல்வத்தை நினைவூட்டுகிறது. மனைவி மக்களை எண்ணி வருந்துபவனைக் கஞ்சன் என்று எந்த மொழியிலும் அழைக்கமாட்டார்கள். அங்கே அவாரிசியா என்பதற்கு நேர்ச்சொல் தமிழில் உண்டு, அது ‘பற்று’. வள்ளுவர் இவறலை விளக்குமிடத்துப் ‘பற்றுள்ளம்’ என்று கூறியிருப்பது தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம்; மொழிபெயர்ப்பாளர்க்கு அது பேருதவி.

இன்னொரு செய்தியும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது. இப்பலகை தனி ஓவியமன்று. பாரிசு லூவ்ரிலுள்ள ‘மூடர் கப்பல்’, யேல் பல்கலைக்கழகத்திலுள்ள துண்டு, ராட்டர்டாமிலுள்ள ‘வழிப்போக்கன்’ ஆகியவற்றோடு ஒரே மடிப்பலகையின் உறுப்பு. மரவளைய ஆய்வும் 2016ஆம் ஆண்டை ஒட்டிய ஆராய்ச்சிகளும் இதனை உறுதிப்படுத்தின. ஒரு கதவில் உண்டும் குடித்தும் செலவழிப்போர். மறு கதவில் சேர்த்து வைத்தோன். நடுப்பலகை கிடைக்கவில்லை. அரிஸ்டாட்டிலின் இரு முனைகள் கதவிரண்டாய் நிற்கின்றன. தாந்தே தம் நரகத்தின் ஏழாம் காண்டத்தில் ஊதாரிகளையும் கஞ்சரையும் எதிரெதிர் மோதவிட்டதும் இம்மரபே. எதிர்க்கதவு இருந்த இடம் தெரியாமற் பெயர் சூட்டியோர் இக்கதவைத் தனியே நின்ற நீதிக்கதையாக்கிவிட்டனர் என்பது நம் கருத்து.

பாலும் திணையும்

பீட்டர் ப்ருகெல் 1556இல் வரைந்து 1558இல் செப்புத்தகட்டுப் படமாக வெளிவந்த ‘அவாரிசியா’ வேறு வகைச் சிக்கலை எழுப்புகிறது. அங்கே மடியிற் காசு நிறைய, பெட்டிக்குட் கை விட்டபடி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள்; முன்னால் ஒரு தேரை. சுற்றிலும் ஆண்கள் பலர் பணத்துக்காக அல்லற்பட, பாவத்தின் உருவம் மட்டும் பெண்ணாய் இருப்பது ஏன்? இலத்தீனில் ‘அவாரிசியா’ பெண்பாற் சொல் என்பதே முதன்மையான காரணம். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புருடென்சியஸ் நற்குணங்கட்கும் தீக்குணங்கட்கும் இடையே நிகழும் போரைப் பாடியபோதே இவள் பெண்ணாய் வந்துவிட்டாள். அங்கே அவள் ‘சிக்கனம்’ என்னும் நற்குணத்தின் வேடம் பூண்டு எதிரிகளை ஏமாற்றுகிறாள் என்பது சொற்பொருள் ஆராய்வோர்க்குச் சுவையானது. கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் எல்லை வகுக்க முடியாமல் அகராதிகள் இன்றும் திணறுகின்றன.

மாறாக, பெயர்ச்சொற்களின் இலக்கணப் பாலை இழந்துவிட்ட ஆங்கிலத்தில், 1590இல் ஸ்பென்சர் இதே பாவத்தை ஒட்டகத்தின்மேல் வரும் ஆணாக்கினார். ரோமன் யாகப்சன் 1959இல் எழுதிய மொழிபெயர்ப்புப் பற்றிய கட்டுரையில், ஜெர்மன் கலைஞர் ‘பாவ’த்தைப் பெண்ணாகத் தீட்டியது கண்டு ரஷ்ய ஓவியர் ரேபின் குழம்பியதைச் சுட்டுவார், ஜெர்மனில் அச்சொல் பெண்பால், ரஷ்யனில் ஆண்பால்.

தமிழில் நிலைமை வேறு. பண்புப் பெயர்கள் யாவும் அஃறிணை. ‘பேராசை அமர்ந்திருக்கிறது’ என்று எழுதலாம். அவ்வாறு எழுதினால் படத்திலுள்ள பெண் மறைந்துவிடுகிறாள். ‘பேராசை அமர்ந்திருக்கிறாள்’ என்று எழுதினால் திணை வழுவமைதியை நாட வேண்டும். அதைவிடவும் கவலைக்குரியது, பெண்ணுக்கும் பேராசைக்கும் இயல்பான உறவு உண்டு என்று தமிழ் வாசகர் கொள்ள நேரிடுவது. மூலத்தில் இலக்கணம் செய்த வேலையைத் தமிழில் ஒழுக்கத் தீர்ப்பாக மாற்றிவிடுகிறோம். ‘பேராசை, பெண்ணுருவில்’ என்று விளக்கமாகவே எழுதிவிடுவது அழகு குறைந்ததாயினும் நேர்மையானது.

வண்ணக்கரும் மனைவியும்

தலைப்பே தொழிலை மாற்றிவிட்ட நிகழ்வுகளும் உண்டு. லூவ்ரில் உள்ள, 1514இல் குவெண்டின் மாசைஸ் தீட்டிய ஓவியத்தை ‘வட்டிக்காரரும் மனைவியும்’ என்று பெயர்ப்பது வழக்கம். கணவன் சிறு துலாக்கோலில் நாணயத்தை நிறுக்கிறான். மனைவி இறைவேண்டல் நூலின் பக்கத்தைத் திருப்பியபடியே நாணயத்தைப் பார்க்கிறாள். அவள் விரல் நூலிலும் கண் காசிலும் இருப்பதை எள்ளலாகக் கொள்வோர் பலர். ஆனால் படத்தில் எவரும் கடன் வாங்கவில்லை, வட்டிக்கணக்கும் இல்லை. நிறுத்தலும் நாணயத்தின் மாற்றறிதலுமே நிகழ்கின்றன. அத்தொழிலுக்குத் தமிழில் ‘வண்ணக்கர்’ என்னும் தொன்மையான சொல் உண்டு. சங்கப் புலவர் சிலர் பெயரோடும் அது வருகிறது. பிற்கால வழக்கில் ‘சராபு’. ‘வண்ணக்கரும் மனைவியும்’ என்றால் எள்ளல் இருந்தால் படமே அதைச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

மரினஸ் வான் ரெய்மெர்ஸ்வாலெயின் ஓவியங்கள் இதற்கு இன்னும் வலுவான சான்று. விகாரமான முகமுடைய இருவர் காசும் ஏடுமாக அமர்ந்திருக்கும் இவ்வகை ஓவியங்களுள் ஒன்று பிரித்தானிய அரச சேகரிப்பில் ‘கஞ்சர்கள்’ என்னும் பெயரால் புகழ்பெற்றது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள படத்தில் ஒருவர் எழுதும் ஏட்டின் எழுத்துகள் படிக்கக்கூடியவை. படித்தால், மது முதலியவற்றின்மேல் நகராட்சி பெற்ற தீர்வை வருவாயின் கணக்கு அது. ஆகவே அவர்கள் இன்று ‘வரி தண்டுவோர் இருவர்’. ஏட்டைப் படிக்காமல் முகத்தை மட்டும் பார்த்தவர்கள் கஞ்சர் என்றனர்.

முகத்தைப் பார்த்துப் பெயரிடும் பழக்கத்தின் கொடிய பக்கத்தையும் ஈண்டுக் குறிப்பிடாதிருக்க இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விவிலியப் படச்சுவடிகளில் பணப்பை யூதர்களின் அடையாளக் குறியாக்கப்பட்டதை சாரா லிப்டன் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரு குற்றத்தின் சின்னம் ஒரு மக்களின் சின்னமாயிற்று. அதன் விளைவுகள் சுவடியோடு நிற்கவில்லை. நம் பேச்சு வழக்கிலும் வட்டித்தொழிலைக் குறிக்கச் சாதிப் பெயரையோ சமூகப் பெயரையோ இடுதல் உண்டு. ஐரோப்பியக் கதையைத் தமிழ்ச் சூழலுக்கு ‘இயல்பாக’ மாற்ற விரும்பும் மொழிபெயர்ப்பாளர் அத்தகைய பெயரை இட்டால், வாசகர்க்கு உயிர்ப்பாகத் தோன்றலாம். பணப்பையை மீண்டும் ஒருவர் கழுத்தில் கட்டிவிட்டார் என்பதே உண்மை. தொழிற்பெயர் போதும்.

வாஷிங்டன் ஓவியத்துக்கு ‘சாவும் இவறியானும்’ என்று முதலில் எண்ணினேன். வள்ளுவர் ஆண்ட வடிவமே எனினும் இன்றைய வாசகர்க்கு அகராதி வேண்டியிருக்கும். மேலும் அதுவும் தீர்ப்பு வழங்கும் சொல்லே. ‘சாவுப் படுக்கையில் பொருட்பற்று’ என்று ஆளை விடுத்துச் சோதனையைப் பெயராக்குவது மேல் எனத் தோன்றியது. மறுபதிப்புக்கு அவ்வாறே திருத்தி அனுப்பினேன். பதிப்பாசிரியர் அதை ஏற்றுக்கொண்டு, வாசகர் அடையாளம் காணும் பொருட்டு அடைப்புக்குறிக்குள் ‘கஞ்சன்’ என்பதையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். பழைய பெயராலேயே தேடி வருவோர் இருப்பார்கள் என்பதால் மறுத்து எழுதவில்லை.